இடிஞ்ச பாலத்துக்கு மேலால

தம்பி, குறை நினையாதேங்கோ, அந்த யன்னல் கரையில நீங்களே இருங்கோ. நான் இஞ்சால இருக்கிறன். பஸ் இன்னும் கொஞ்சத்தில ஆத்தங்கரையோட திரும்பும். எனக்கு அந்த ஆத்தைப் பாக்கப் பிடிக்காது. பயம் எண்டு இல்லை. பிடிக்காது, அவ்வளவுதான்.

நீங்கள் இந்தியாத் தமிழோ? ஃபோனில கதைக்கேக்கயே நினைச்சனான். அம்மாவோட கதைச்சனீங்களோ? நல்லது, நெடுகக் கதையுங்கோ. போலந்தில, அதுவும் இந்த மூலையில, பஸ்ஸுக்குள்ள தமிழ் கேட்டால் எனக்கு நெஞ்சு திக் எண்டும். ஏதோ பிடிபட்டது மாதிரி. பிறகுதான் சந்தோசம் வரும்.

அந்தா, மரங்களுக்கு மேலால ஒரு கூர் தெரியுது பாருங்கோ. சேர்ச். அது ஜெர்மன் பக்கம். அந்தச் சேர்ச்சின்ர சவக்காலை இஞ்சால, போலந்துப் பக்கம். நடுவில ஆறு. ரெண்டாம் உலகச் சண்டைக்கு முதல் அது ஒரே ஊர் தம்பி. சிலேசியா எண்ட பழைய நாட்டின்ர விளிம்பில கிடந்த ஒரு சின்ன ஊர். சேர்ச்சில பூசை வச்சுப்போட்டு, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தால நடந்து வந்து இஞ்சால புதைப்பாங்களாம். சண்டை முடியிற நேரம் ஜெர்மன் ஆமியே பாலத்தை உடைச்சுப்போட்டுப் போட்டுது. பிறகு பெரிய ஆக்கள் எங்கையோ இருந்து மேசையில படத்தை விரிச்சு, இனி இந்த ஆறுதான் எல்லை எண்டு கோடு போட்டிட்டினம். இஞ்சால இருந்த ஜெர்மன் சனம் எல்லாத்தையும் அங்கால போ எண்டாச்சு. கையில தூக்கக்கூடியது மட்டும். அந்த வீடுகளுக்குள்ள, கிழக்கில ரஷ்யாக்காரன் எடுத்த இடங்களில இருந்து போலந்துச் சனத்தைச் சாமான் றெயினில ஏத்திக்கொண்டு வந்து விட்டினம். அதுகளும் தங்கட வீட்டை விட்டிட்டு வந்த சனம்தான்.

ஊருக்கு ரெண்டு பேர். இஞ்சால ஓல்ஷாவ்கா, அங்கால எர்லென்டோர்ஃப். ரெண்டும் ஆத்தங்கரையில நிக்கிற ஒரே மரத்தின்ர பேர்தான்.

இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. எனக்குத் தெரிஞ்சது, அங்கால ஜெர்மனி, ஜெர்மனியில என்ர மனுசன் தயாபரன். அவ்வளவுதான்.

நான் வறுத்தலைவிளான். தெல்லிப்பளைப் பக்கம். ஆமி வர, தொண்ணூறில ஊரை விட்டு ஓடின சனம் நாங்கள். கலியாணம் கட்டிக் கொஞ்ச நாளில இவர் ஜெர்மனிக்கு வந்திட்டார். தொண்ணூத்தாறில நான் வெளிக்கிட்டன். மொஸ்கோ, பிறகு எந்தெந்த நாடோ, லொறிக்குள்ள, காட்டுக்குள்ள. கடைசியில ஐப்பசி மாசம் ஆறு பேரை ஓல்ஷாவ்காவில ஒரு மாட்டுக் கொட்டிலுக்க கொண்டுவந்து விட்டான், காசுக்கு ஆக்களைக் கடத்துற ஏஜென்சிக்காரன். ஆத்தைக் கடந்தால் ஜெர்மனி. கண்ணுக்கு முன்னால.

அண்டைக்குப் பாத்து என்ர கால் போச்சுது. கொட்டிலில இருந்து தோட்டத்தால ஓடேக்க, விழுந்து கிடந்த பெயார்ப் பழத்தில சறுக்கி, கணுக்கால் பிரண்டு பலூன் மாதிரி வீங்கிப்போச்சு. ஏஜென்சிக்காரன் என்ர காலைப் பாத்தான், ஆத்தைப் பாத்தான். "நீங்கள் அடுத்த ஆக்களோட வாங்கோ அக்கா" எண்டான். மற்ற அஞ்சு பேரும் போயிட்டினம். அடுத்த ஆக்கள் வரவே இல்லை. அவனும் வரேல்ல.

அந்த வீட்டுக்காரி பேர் ப்ரோனியா. அறுபத்தஞ்சு வயசிருக்கும். தனிய இருந்தவ. அவவின்ர பெறாமகன் முறைச் சொந்தக்காரன்தான் காசுக்குக் கொட்டிலை ஏஜென்சிக்கு விட்டவன். மனுசிக்கு அது பிடிக்கேல்ல, பயம். ஆனால் காலையில கொட்டிலுக்க வந்து பாக்க, வைக்கலுக்க நான் கிடக்கிறன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கத்தினம். பிறகு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில வாயைப் பொத்தினம்.

என்னை மேல்வீட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. கட்டில், ஒரு அலுமாரி, ஆத்தைப் பாத்த ஒரு சின்ன யன்னல். காலுக்குக் கோவா இலை, முட்டைக்கோசு இலைதான், வச்சுக் கட்டிவிட்டா. இராசமலர் எண்டு என்ர பேரைச் சொன்னால் அவவின்ர நாக்கு உடையும். "மலுஷா" எண்டா. போலிஷில சின்னக் குஞ்சு எண்ட மாதிரி. நான் "பானி ப்ரோனியா" எண்டுவன். பானி எண்டால் மரியாதை. அப்பிடித் தொடங்கினதுதான்.

ஒரு நாள் காலமை அவ மேல ஏறி வந்தா. என்ர கையைப் பிடிச்சு யன்னலடிக்குக் கொண்டுபோனா. கீழ ஆத்தங்கரையில பொலிஸ்காரர் நிக்கினம். தரையில எதையோ மூடின ஒரு படங்குச் சீலை. படங்குக்கு வெளிய ஒரு சப்பாத்துக் கால் தெரியுது.

அது கிருபா. பருத்தித்துறைப் பொடியன். சின்ன வயசில இருந்து கடலில நீந்தின பொடியன் தம்பி! பேர் பிறகுதான், ஜெர்மனிக்குப் போய் மற்ற ஆக்களைக் கண்டாப்பிறகுதான் தெரியும். அண்டைக்கு அந்தச் சப்பாத்து மட்டும்தான். அஞ்சு பேரில ஆர் எண்டு தெரியாமல் அஞ்சு பேருக்கும் அழுதன். எனக்கு நீந்தத் தெரியாது. வறுத்தலைவிளானில கிணறுதானே, ஆறு ஏது? அண்டைக்கு முடிவெடுத்தன், நான் இந்த ஆத்தில கால் வைக்கமாட்டன் எண்டு. கால் சுகமானாப்பிறகும் சுகமில்லை எண்டு நொண்டினன்.

ப்ரோனியாவும் என்னைப் போ எண்டு சொல்லேல்ல. ஏன் தெரியுமோ? அவவுக்கு என்னை விடப் பயம். தனிய இருக்கப் பயம்.

என்ன பயம் எண்டால், ஜெர்மன்காரர் திரும்பி வந்து வீட்டைக் கேப்பினம் எண்ட பயம். வந்து ஐம்பது வருசம் தம்பி! அந்த வீட்டுக்கு ஒரு ஓடு மாத்தேல்ல. மழை பெய்தால் மூண்டு இடத்தில வாளி வைப்பா. "நான் ஓடு மாத்த, அவங்கள் வந்து இருக்கவோ?" எண்டு கேப்பா. வாசலடியில ஒரு சூட்கேஸ், கட்டினபடி. எனக்குச் சிரிப்பு. நான் அப்பிடிப் பயந்த ஆள் இல்லை. இப்ப எங்கட வீட்டிலயும் கட்டிலுக்குக் கீழ ஒரு பாக் கிடக்கு, பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாத்து உடுப்பு. அது வேற. அது ஒழுங்கு.

மனுசி மாவு குழைக்கேக்க கதை சொல்லும். பாசை பாதி விளங்கும், மிச்சத்தைக் கையால காட்டும். அவைய இஞ்ச கொண்டுவந்து விடேக்க ப்ரோனியாவுக்குப் பதினாலு வயசு. தாயும் தகப்பனும், றெயினில கூடக் கொண்டுவந்த ஒரு பசுவும். வீட்டுக்குள்ள போனால் ஜெர்மன் குடும்பம் இன்னும் இருக்குதாம்! தாயும், யோகன் எண்டு ஒரு பொடியனும். ஒரே குசினி, ஒரே அடுப்பு. ஒரு வருசத்துக்குக் கிட்ட ரெண்டு குடும்பமும் ஒண்டாத்தான் இருந்ததாம். அதுகள் கீழ, இவையள் மேல. சண்டையும் பிடிச்சு, உப்பும் கடன் வாங்கி. பிறகு ஒரு விடியக்காலமை ஆமி வந்து, அரை மணித்தியாலத்தில வெளிக்கிடு எண்டதாம். மேசையில அந்தத் தாய் குழைச்சு வச்ச பாண் மா, நீங்கள் பிரெட் எண்டுவியள், பொங்கிக்கொண்டு இருந்ததாம்.

"எங்கட அம்மா அதைச் சுட்டவ. நாங்கள் சாப்பிட்டனாங்கள்" எண்டு ப்ரோனியா சொன்னா. "நல்ல பாண், மலுஷா. அதுதான் எனக்குப் பயம்."

கார்த்திகையில ஒரு ஞாயிறு மத்தியானம் ஒரு கார் வந்து கேற்றடியில நிண்டுது. சூப் குடிச்சுக்கொண்டிருந்தம். ப்ரோனியா திரைச்சீலையால பாத்தா, பாத்த கையோட நிலத்தில குந்தினா. நானும் குந்தினன். நான் நினைச்சது எல்லைப் பொலிஸ். அவ நினைச்சது வேற. ரெண்டு பேரும் மேசைக்குக் கீழ, ஒராளின்ர கையை ஒராள் பிடிச்சுக்கொண்டு. கதவில தட்டுது. மெதுவா, மரியாதையா. பொலிஸ் அப்பிடித் தட்டாது எண்டு எனக்கு அப்பவே விளங்கியிருக்க வேணும். பிறகு காலடிச் சத்தம் வீட்டைச் சுத்திப் போகுது. கிணத்தடியில நிண்டுது. கன நேரம் நிண்டுது. கார் போயிட்டுது.

"நீமெட்ஸ்" எண்டு ப்ரோனியா சொன்னா. ஜெர்மன்காரன்.

அண்டையில இருந்து மனுசி கோடாலியைக் கதவடியில வச்சா.

அடுத்த ஞாயிறும் கார் வந்துது. நான் மேல ஓடினன். அலுமாரிக்குள்ள இடமில்லை. கட்டிலுக்குக் கீழ புகுந்தன். கீழ கதவைத் தட்டுது. இவ கோடாலியோட நிண்டு கத்திறா, "போ! போ!" எண்டு. வெளியில இருந்து ஒரு ஆம்பிளைக் குரல், வயசான குரல், ஒரே ஒரு சொல் சொல்லிச்சுது.

"ப்ரோனியா?"

கத்தின சத்தம் நிண்டுபோச்சு. பேர் தெரிஞ்ச ஆளை எப்பிடிக் கோடாலியால வெட்டுறது, சொல்லுங்கோ? பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டுது.

அவை கீழ என்ன கதைச்சவையோ தெரியாது. கொஞ்ச நேரத்தால படியில ஆரோ ஏறுற சத்தம். ப்ரோனியா பின்னால கத்திறா, மேல எலி, மேல எலி எண்டு. அந்த மனுசன் நிக்கேல்ல. கதவு திறந்துது. மண்ணிறச் சப்பாத்து ரெண்டு உள்ளுக்க வந்து, யன்னலடியில நிண்டு, பிறகு கட்டிலடிக்கு வந்துது. அவர் கட்டிலில இருந்தார்.

தம்பி, அந்தக் கட்டில் கம்பி வலைக் கட்டில். அவர் இருக்க, வலை தாழ்ந்து வந்து என்ர முதுகில முட்டிச்சுது. நான் மூச்சு விடேல்ல. பிறகு அந்த வலை நடுங்கத் தொடங்கிச்சுது. எனக்கு என்ன எண்டு விளங்கேல்ல. அந்த மனுசன் அழுறார். சத்தம் இல்லாமல், உடம்பு குலுங்க அழுறார். அவர் அழ அழ அந்த வலை என்ர முதுகில ஏறி இறங்குது. ஒரு மனுசன்ர அழுகை முழுக்க என்ர முதுகால போச்சுது. தூசி மூக்குக்க ஏறுது. பல்லைக் கடிச்சன், கையைக் கடிச்சன். ஏலாமல் போச்சு. இருமிப்போட்டன்.

அவர் குனிஞ்சார். வெள்ளைத் தலை, சிவந்த கண். கட்டிலுக்குக் கீழ ஒரு கறுத்தப் பொம்பிளை தூசியில கிடக்கிறா. அவருக்கு எப்பிடி இருந்திருக்கும்! முழங்காலில விழுந்திட்டார். ஒரு நீட்டுச் சொல் சொன்னார், திரும்பவும் சொன்னார். நான் நினைச்சன், பொலிஸைக் கூப்பிடப்போறன் எண்டு சொல்லுறார் எண்டு. ஜெர்மன் படிச்சாப்பிறகுதான் தெரியும், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னவர். விழுந்தடிச்சு இறங்கி ஓடினார். கார் போன சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

ப்ரோனியா படியில இருந்திட்டா. "சொல்லுவான். பொலிஸிட்டச் சொல்லுவான். ஆக்களை ஒளிக்கிற வீடு எண்டு எழுதி வீட்டை எடுப்பான்."

"நான் போறன்" எண்டன். போறன் எண்டு சொன்னால் அவ வேண்டாம் எண்டுவா எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்.

"இண்டைக்கே" எண்டா.

எனக்கு அழுகை வந்திட்டுது. "கால் நோகுது" எண்டன்.

"உன்ர கால் சுகமாகிக் கன நாள், மலுஷா. எனக்குத் தெரியாதோ?"

பொழுதுபடுற நேரம், ஆத்தில பனிப்புகார் இறங்கத் தொடங்க, பசுவைக் கட்டுற கயித்தை எடுத்தா. ஒரு நுனியை என்ர இடுப்பில கட்டினா. மற்ற நுனியைக் கொட்டில் தூணில கட்டப்போறா எண்டு நினைச்சன். தன்ர இடுப்பில கட்டினா.

"பாலம் உடைஞ்சு ஆத்துக்குள்ளதான் விழுந்தது" எண்டா. "கல்லுகள் அங்கதான் கிடக்கு. தண்ணிக்கு மேல தெரியாது. யோகனும் தாயும் விட்டிட்டுப் போன கோழியைப் பிடிக்க, அதுக்கு மேலால நடந்து வந்தவை. நான் யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

"நீங்கள் அதில நடந்திருக்கிறியளோ?"

"நானோ? அங்கால ஜெர்மன்காரர். நான் ஏன் போறன்?"

அவவுக்கும் அது முதல் தரம் தம்பி. ஐம்பது வருசமா அந்த ஆத்தில கால் நனைக்காத மனுசி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால இறங்கினா. தண்ணி அப்பிடி ஒரு குளிர், கால் இருக்கோ இல்லையோ தெரியேல்ல. முதல் கல், பிறகு ஒரு பள்ளம், பிறகு கல். முழங்காலுக்கு, தொடைக்கு, ஒரு இடத்தில நெஞ்சுக்கு. இழுவை எண்டால் அப்பிடி இழுவை. நான் கண்ணை மூடிக் கிருபாவை, அப்ப பேர் தெரியாத அந்தச் சப்பாத்தைத்தான் நினைச்சன். எங்கட சாமி நல்லூரானும் வாயில வரேல்ல. அவ முன்னால ஏதோ செபிச்சுக்கொண்டு போறா. ஒரு கல்லில எனக்குச் சறுக்கிப்போச்சு. தலை தண்ணிக்குள்ள. கயிறு இறுகிச்சுது. இறுகிக்கொண்டே நிண்டுது. அவ்வளவு மெல்லிய மனுசி எப்பிடிப் பிடிச்சா எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. தலைமயிரில பிடிச்சுத் தூக்கி, ஒரு அறை விட்டா கன்னத்தில. "நட!"

ஏறிப்போட்டம். ஜெர்மனி. புல்லில கிடந்து ரெண்டு பேரும் நடுங்கிறம். அவ கயித்தை அவிட்டுப்போட்டுப் போகத் திரும்பினா. திரும்பினவ அப்பிடியே நிண்டிட்டா.

புகாருக்கு மேலால அங்கால கரையில அவவின்ர வீடு தெரியுது. ஓட்டுக்கூரை, பெயார் மரம், நாங்கள் விட்டிட்டு வந்த அடுப்பின்ர புகை. அந்த வீட்டை அவ ஒரு நாளும் இந்தப் பக்கத்தில இருந்து பாத்ததில்லை. பாத்துக்கொண்டு நிண்டா. எனக்குப் பயம், பொலிஸ் ஜீப் வரும், போங்கோ போங்கோ எண்டு தள்ளுறன்.

"என்ர வீடு" எண்டா.

அவ அதை நெடுக "அந்த வீடு" எண்டுதான் சொல்லுவா தம்பி. அந்த வீடு ஒழுகுது, அந்த வீட்டைப் பூட்டு. அண்டைக்குத்தான் "என்ர வீடு" எண்டு கேட்டனான்.

பிறகு தனியத் தண்ணிக்குள்ள இறங்கினா. நடு ஆத்துக்குப் போகேக்க புகார் மூடிப்போட்டுது. கரை ஏறினால் கூப்பிடுவா எண்டு காத்துக்கொண்டு நிண்டன். சத்தமே இல்லை. நானும் கூப்பிடேல்ல. ஆரும் கேட்டால்? ஓடினன்.

அடுத்த நாள் பொலிஸ் பிடிச்சுக் காம்பில போட்டது, வழக்கு, விசா, இவரோட சேர்ந்தது, அது பெரிய கதை. ஒரு உணவகத்தில பாத்திரம் கழுவினன், பிறகு சமைச்சன். பதினொரு வருசம் எனக்குத் தெரியாது அந்த மனுசி கரை ஏறினவவோ இல்லையோ எண்டு. போய்ப் பாத்திருக்கலாம் எண்டு நீங்கள் நினைப்பியள். எல்லையில கேள்வி கேப்பாங்கள் எல்லோ? ஆர் உன்னை ஒளிச்சு வச்சது எண்டு கேட்டால் அவவுக்குத்தானே கரைச்சல்? அவவுக்காகத்தான் போகேல்ல.

பிறகு எல்லையை எடுத்திட்டினம். செக்பொயின்ற் இல்லை, ஒண்டும் இல்லை. ஊருக்கு நடுவில நடக்கிறதுக்கு ஒரு புதுப் பாலமும் போட்டிட்டினம். நான் அந்தப் பாலத்தால போகேல்ல, இந்த பஸ்ஸிலதான் சுத்திப் போனன். அண்டைக்கும் இப்பிடி யன்னலுக்கு இஞ்சால சீற்றிலதான் இருந்தனான்.

கதவைத் தட்டினன். திரைச்சீலை ஆடிச்சுது. திறக்கேல்ல. "பானி ப்ரோனியா, மலுஷா!" எண்டு கத்தினன். உள்ளுக்க ஏதோ விழுந்துது. கதவு திறந்துது. எழுபத்தாறு வயசு, முதுகு வளைஞ்சு, கையில பொல்லு. அந்தப் பொல்லால என்ர தோளில ஒரு அடி.

"ஏன் நீ சத்தம் தரேல்ல? கரையில விறைச்சு விறைச்சு நிண்டன். உன்னைப் பிடிச்சிட்டாங்களோ, செத்தியோ எண்டு!"

"நீங்கள் ஏன் கூப்பிடேல்ல?"

"ஆரும் கேட்டால்?"

பிறகு ரெண்டு பேரும் அழுதம். பொலிஸ் வந்ததோ எண்டு கேட்டன். ஒருத்தரும் வரேல்லையாம். அந்த யோகன் ஒருத்தருக்கும் ஒரு சொல் சொல்லேல்ல. அந்த நத்தாருக்கு, உங்கட கிறிஸ்மஸுக்கு, ஒரு பார்சல் வந்ததாம், கோப்பி, சொக்லேற், கம்பளிக் கையுறை ரெண்டு சோடி. ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். ப்ரோனியா பயந்து தொடேல்லையாம். கொட்டிலில வச்சு எலி திண்டிட்டுது. அடுத்த வருசம் மனுசன் செத்திட்டாராம். அப்ப நாங்கள் அந்த ஆத்துக்குள்ள இறங்கினது ஒண்டுக்கும் தேவையில்லை. நினைச்சுப் பாருங்கோ!

சூப் குடிச்சு முடிய ப்ரோனியா குளிர்ச்சட்டையைப் போட்டா. "என்னை அங்கால கூட்டிக்கொண்டு போ. வீட்டை ஒருக்காப் பாக்கவேணும்."

பாலத்தடிக்கு நடந்தம். நல்ல வெயில். நான் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு தண்ணியைப் பாக்காமல் பலகையை மட்டும் பாத்து நடந்தன். நடுப்பாலத்தில ஒரு கோடு போட்டிருக்கு, அங்கால ஜெர்மனி எண்டு. ப்ரோனியா அதில நிண்டிட்டா. பொல்லைக் கக்கத்தில வச்சுப்போட்டுக் குளிர்ச்சட்டைப் பொக்கற்றுக்குள்ள கையை விட்டு அடையாள அட்டையை எடுத்தா.

"ஆரிட்டக் காட்டுறது?" எண்டா.

"ஒருத்தரிட்டயும் இல்லை. சும்மா போகலாம்."

"சும்மா எப்பிடிப் போறது? ஆரோ வருவாங்கள். நில்லு."

பெரிய மனுசி, தனிய அட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க அவவுக்கு ஒரு மாதிரி இருக்கும் எண்டு நானும் என்ர அட்டையை எடுத்தன். அவவுக்காகத்தான். அங்கால கரையில இருந்து அரைக் காற்சட்டையோட ஒரு மனுசன் ஓடி வந்தார், தேகப்பயிற்சிக்கு ஓடுறவர். நாங்கள் ரெண்டு பேரும் அட்டையை அவருக்கு நேர நீட்டினம். அவர் சிரிச்சுக்கொண்டு ஒரு வணக்கம் சொல்லிப்போட்டு விலகி ஓடிட்டார்.

"என்ன சொன்னவன்?" எண்டு ப்ரோனியா கேட்டா.

"போகலாமாம்" எண்டன்.

பிறகுதான் கோட்டைக் கடந்தம்.